வீரம் இன்னும் இருக்கிறதா? சில்க்யாரா சுரங்கத்தை முன்வைத்து ஒரு விவாதம்

நடுகல்தேடி:

அனைவருக்கும் வணக்கம். சென்ற வாரம் எட்டாம் வகுப்பு படிக்கும் என் மகனை அழைத்துக்கொண்டு செங்கம் வட்டாரத்திற்குப் போயிருந்தேன். அந்தப் பக்கத்திலும் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களிலும் நடுகற்கள் மிகுதி என்பது இங்குள்ள பலருக்குத் தெரிந்திருக்கும். அவற்றுள் எடுத்தனூர்க் கல் எனக்கு மிகவும் பிடித்தது. மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டில், தன் எருமைகளைக் காத்து நின்று மாண்ட கருந்தேவக்கத்தி என்பவனுக்காக எடுக்கப்பட்டது. அவனோடு நின்று கள்ளர் இருவரைக் கடித்துக் காவல் இருந்த கோவிவன் என்ற நாயின் பெயரும் அதே கல்லில் பொறிக்கப்பட்டிருக்கிறது. அவன் அரசன் அல்லன், படைத்தலைவனும் அல்லன். ஆயினும் ஊர் அவன் பெயரையும், அவனுடைய நாயின் பெயரையும், என்ன நடந்தது என்பதையும் கல்லில் எழுதி வைத்திருக்கிறது.

படித்துக் காட்டியதும் மகன், "அப்பா, இப்போது யாருக்காவது இப்படிக் கல் வைக்கிறார்களா?" என்று கேட்டான். தலைவர்களுக்குச் சிலை வைப்பதைச் சொல்லத் தொடங்கி, அது அவன் கேட்ட கேள்விக்கு விடை இல்லை என்று எனக்கே தோன்றியதால் நிறுத்திக்கொண்டேன். திரும்பி வரும்போது புறவழிச்சாலையில் ஓர் இருசக்கர வாகனம் கவிழ்ந்து கிடந்தது. இருபது பேராவது கூடியிருப்பார்கள். விழுந்தவரின் தலையை மடியில் தாங்கிக்கொண்டு ஒரே ஒரு பெண்மணி சாலையில் அமர்ந்திருந்தார். மற்றவர்களில் பாதிப் பேரின் கையில் கைப்பேசி உயர்ந்திருந்தது.

ஆபத்தை இயந்திரத்திடமும் காவல் துறையிடமும் காப்பீட்டு நிறுவனத்திடமும் ஒப்படைத்துவிட்ட காலத்தில், பிறருக்காகத் தன் உயிரைப் பணயம் வைக்கும் வீரம் மெய்யாகவே எஞ்சியிருக்கிறதா? திரையில் வருபவரைக் கதாநாயகன் என்று அழைத்துப் பழகியதில், அந்தப் பண்பை நேரில் கண்டால் அடையாளம் காணும் திறனையே நாம் இழந்துவிட்டோமா? உங்கள் கருத்துகளை அறிய விரும்புகிறேன்.

தில்லிவாசி:

ஐயா, இருக்கிறது என்பதே என் விடை. பதினெட்டு ஆண்டுகளாகத் தில்லியில் கட்டுமானப் பொறியாளராக இருக்கிறேன். சாலையைத் தோண்டாமல் நிலத்தடியில் குழாயை அழுத்திச் செலுத்தும் வேலைகளை மேற்பார்வையிடுவதால், நான் சொல்லப்போகும் மனிதர்களின் தொழிலை அருகிலிருந்து பார்த்தவன்.

2023 நவம்பர் 12, தீபாவளி நாள் விடியற்காலை, உத்தராகண்டில் சில்க்யாராவுக்கும் பர்கோட்டுக்கும் இடையே தோண்டப்பட்டு வந்த நான்கரை கிலோமீட்டர் சுரங்கப்பாதையின் ஒரு பகுதி சரிந்து, 41 தொழிலாளர்கள் உள்ளே சிக்கிக்கொண்டார்கள். மீட்புக்காகக் கொண்டுவரப்பட்ட துளையிடும் இயந்திரம் மிகப் பெரியது. இடிபாட்டுக்குள் எஃகுக் குழாயைத் திணித்துக்கொண்டே பெரும்பகுதி தூரத்தை அது கடந்தது. ஆனால் இன்னும் பத்துப் பன்னிரண்டு மீட்டர் இருக்கும்போது, இடிந்த கூரையின் இரும்புக் கம்பிகளிலும் சட்டங்களிலும் அதன் திருகு சிக்கி முறிந்துவிட்டது. சிக்கிய திருகைத் துண்டு துண்டாக வெட்டி எடுப்பதற்கே நாட்கள் ஆயின. அதன் பிறகுதான் எலிவளைத் தொழிலாளர்கள் என்று சொல்லப்படும் பன்னிரண்டு பேரை உள்ளே அனுப்பினார்கள்.

அந்த வேலை எப்படிப்பட்டது என்பதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும். குழாயின் விட்டம் ஏறத்தாழ 800 மில்லிமீட்டர். நிமிர்ந்து உட்கார முடியாது. முழங்காலிட்டோ ஒருக்களித்துப் படுத்தோதான் வேலை செய்ய வேண்டும். முன்னால் இருப்பவர் கையால் மண்ணையும் கல்லையும் கொத்துவார். அடுத்தவர் அதை வாரித் தள்ளுவண்டியில் போடுவார். வெளியில் இருப்பவர்கள் கயிற்றால் வண்டியை இழுப்பார்கள். கம்பி குறுக்கிட்டால் அந்த இடுக்கிலேயே வாயுத் தீயால் வெட்ட வேண்டும்; தீப்பொறியும் புகையும் முகத்துக்கு நேரே வரும். தலைக்கு மேலே ஏற்கெனவே ஒருமுறை சரிந்த மலை. அவர்கள் ஏறத்தாழ ஒரே நாளில் அந்தக் கடைசித் தூரத்தை முடித்தார்கள். நவம்பர் 28 மாலை, பதினேழாம் நாள், குழாய் மறுபக்கம் எட்டியது. 41 பேரும் உயிரோடு வெளியே வந்தார்கள்.

இந்தப் பன்னிரண்டு பேரும் தில்லியிலும் உத்தரப் பிரதேசத்திலும் கழிவுநீர்க் குழாய், குடிநீர்க் குழாய் பதிக்கும் தினக்கூலிகள். இப்படி வளை தோண்டி நிலக்கரி எடுக்கும் முறையைத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2014இல் தடை செய்திருந்தது. சட்டம் ஒதுக்கிய ஒரு கைத்திறன், அந்தப் பெரிய இயந்திரம் நின்ற இடத்திலிருந்து தொடங்கி வேலையை முடித்தது. அவர்கள் கூலி வேண்டாம் என்று சொல்லிவிட்டதாகவும் அப்போது செய்திகள் வந்தன. இதைவிட வேறு எதை வீரம் என்று அழைப்பது?

மறுபக்கம்:

நண்பர் தில்லிவாசி எழுதியது நெஞ்சைத் தொடுகிறது. எனினும் நான் மாறுபடுகிறேன். வீரம் என்ற சொல்லை இத்தகைய நிகழ்வுகளுக்குப் பயன்படுத்தும்போது, யாருடைய தவறு அந்த வீரத்தைத் தேவையாக்கியது என்ற கேள்வி மறைந்துபோகிறது. அந்தச் சுரங்கத் திட்டத்திற்கு 2018இல் மத்திய அமைச்சரவைக் குழு ஒப்புதல் அளித்தபோதே தப்பிச் செல்லும் வழி திட்டத்தின் ஒரு பகுதியாக இருந்தது. விபத்து நடந்த நாளில் அப்படி ஒரு வழி இருந்து, அதன் வழியே 41 பேரும் நடந்து வெளியே வந்திருந்தால், நமக்கு அந்தப் பன்னிரண்டு பேரைப் பற்றி ஒன்றுமே தெரிந்திருக்காது. அப்படித் தெரியாமல் போயிருப்பதே நல்லது அல்லவா?

நம் ஊருக்கு வருவோம். பாதாளச் சாக்கடையில் ஒருவர் இறங்குகிறார், மயங்கி விழுகிறார். அவரைத் தூக்க இரண்டாமவர் இறங்குகிறார்; அவரும் விழுகிறார். மூன்றாமவரும் இறங்குகிறார். நாளேட்டில் மூன்று பெயர்கள் வருகின்றன. 1993 முதலான கணக்கில் இத்தகைய மரணங்கள் மிகுதியாகப் பதிவான மாநிலங்களுள் தமிழ்நாடு முன்வரிசையில் இருக்கிறது. மனிதர் கையால் மலக்கழிவு அகற்றுவதற்கு 2013இல் தடைச் சட்டம் வந்தது. 2014இல் உச்ச நீதிமன்றம் ஒவ்வொரு குடும்பத்திற்கும் 10 லட்சம் ரூபாய் இழப்பீடு என்று தீர்ப்பளித்தது. 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக உயர்த்தியது. தொகை உயர்ந்திருக்கிறது, இறப்பு நிற்கவில்லை. அந்த இரண்டாமவரையும் மூன்றாமவரையும் வீரர்கள் என்று போற்றினால், அவர்களை இறக்கிவிட்ட ஒப்பந்தக்காரருக்கு அதைவிட வசதியான சொல் வேறு இருக்காது. வறுமையும் சாதியும் ஒருவரைக் குழிக்குள் தள்ளுகின்றன. அது கட்டாயம். தேர்வு செய்ய வாய்ப்பில்லாத இடத்தில் வீரம் என்ற பேச்சுக்கே இடமில்லை.

ஏணியும்கயிறும்:

தம்பி மறுபக்கம் எழுதியதில் பாதியை ஏற்கிறேன். மீதியை ஏற்க முடியவில்லை. முப்பத்திரண்டு ஆண்டுகள் தீயணைப்பு மீட்புப் பணியில் இருந்து ஓய்வு பெற்றவன் நான். நீங்கள் சொல்லும் அந்த மூன்றாவது ஆளைப் பலமுறை என் கைகளால் மேலே தூக்கியிருக்கிறேன்.

கொங்குப் பகுதியில் ஆழக் கிணறுகள் அதிகம். பல ஆண்டுகள் இறைக்காமல் கிடந்த கிணற்றில் கெட்ட காற்று நிற்கும். ஊர்ப் பெரியவர்கள் வேப்பங்கொத்தைக் கயிற்றில் கட்டி, மேலும் கீழும் இழுத்து, காற்றைக் கலக்கிவிட்ட பிறகே ஆளை இறக்குவார்கள். எனக்கு நினைவிருக்கும் ஒரு நிகழ்ச்சியில் அந்தப் பொறுமை யாருக்கும் இல்லை. மோட்டாரைப் பார்க்க இறங்கிய இளைஞர் திரும்பவில்லை. பக்கத்துத் தோட்டத்துக்காரர், வேற்றுச் சாதிக்காரர், அந்தக் குடும்பத்தோடு வரப்புத் தகராறில் ஆறு ஆண்டுகளாகப் பேச்சு வார்த்தை இல்லாதவர், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கிவிட்டார். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது இருவரும் கீழே கிடந்தார்கள். மூச்சுக்கருவியை மாட்டிக்கொண்டு இறங்கினேன். பக்கத்துத் தோட்டத்துக்காரரின் தோளில் அந்த இளைஞரின் கை கிடந்தது. தூக்கிக்கொண்டு இரண்டு படி ஏறியிருக்கிறார். அதற்கு மேல் முடியவில்லை. இளைஞர் பிழைத்தார். இவர் பிழைக்கவில்லை.

அவரை அங்கே தள்ளியது எந்த வறுமை, எந்த ஒப்பந்தக்காரர்? அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தால் ஒருவரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அங்கே தேர்வு இருந்தது. தேர்ந்தெடுத்தார்.

ஆனால் பயிற்சியில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடம் அதற்கு நேர்மாறானது: கருவி இல்லாமல் இறங்காதே. சாக்கடைக் குழியில் இருக்கும் ஹைட்ரஜன் சல்பைடு வாயு அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். அளவு கூடினால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. இரண்டு மூச்சில் ஆள் விழுந்துவிடுவார். மேலே ஒரு தாய் தலையில் அடித்துக்கொண்டு கதறும்போது, கருவியின் வார்களைச் சரிபார்த்து, அழுத்தமானியைப் படித்து, கயிற்றைக் கட்டி முடிக்கும்வரை நிற்பதற்கும் ஒரு துணிவு வேண்டும். அந்த ஒன்றரை நிமிடம் எங்களை ஏசாத ஊர் இல்லை. அதையும் இந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

மறுபக்கம்:

அண்ணா, அந்தத் தோட்டத்துக்காரரின் முன்னால் என் வாதம் நிற்காது என்பதை ஒப்புக்கொள்கிறேன். நான் பேசியது அமைப்பைப் பற்றி. ஒரு மனிதரைப் பற்றிப் பேசும்போது வேறு அளவுகோல் வேண்டும் போலும்.

மணல்மேடு:

தாய்லாந்தின் தாம் லுவாங் குகையையும் நினைவூட்ட விரும்புகிறேன். 2018 ஜூன் 23 அன்று கால்பந்துச் சிறுவர்கள் பன்னிரண்டு பேரும் அவர்களுடைய பயிற்சியாளரும் குகையில் சிக்கிக்கொண்டபோது, கடற்படையிலிருந்து விலகி விமான நிலையப் பாதுகாப்பில் வேலை பார்த்துக்கொண்டிருந்த சமான் குனான் தாமாகவே முன்வந்து சென்றார். வழியெங்கும் காற்று உருளைகளை வைத்துவிட்டுத் திரும்பும்போது, ஜூலை 6ஆம் நாள், தம்முடைய காற்று தீர்ந்து இறந்தார். சிறுவர்கள் அனைவரும் மீட்கப்பட்டது அதற்கு நான்கு நாள் கழித்து. அவரை யாரும் கட்டாயப்படுத்தவில்லை.

இரவுப்பணி:

நான் செவிலியர். இதுவரை இந்த இழையில் வந்த எல்லா எடுத்துக்காட்டுகளிலும் குழியோ குகையோ கிணறோ இருக்கிறது. எல்லாவற்றிலும் உடல் வலிமையுள்ள ஓர் ஆண் இறங்குகிறார். முதல் பதிவில் சாலையில் அமர்ந்து, விழுந்தவரின் தலையை மடியில் தாங்கிய பெண்மணியைப் பற்றி ஒருவரும் ஒரு சொல் கூட எழுதவில்லை.

2018 மே மாதம் கேரளத்தில் நிபா பரவியபோது, பேராம்பரா வட்ட மருத்துவமனையில் முதல் நோயாளிகளைப் பராமரித்த செவிலியர் லினி புதுச்சேரி, அதே நோயால் மே 21 அன்று இறந்தார். இரண்டு சிறு பிள்ளைகளின் தாய். இறக்கும் முன் கணவருக்கு ஒரு தாளில் சில வரிகள் எழுதி வைத்தார். தொற்று அச்சத்தால் அவருடைய உடலை வீட்டுக்குக் கொண்டுபோகக் கூட முடியவில்லை. அவர் எங்கும் பாயவில்லை, எதையும் உடைக்கவில்லை. நோயாளிக்கு மருந்து கொடுத்தார், துடைத்துவிட்டார், பக்கத்தில் இருந்தார். இதைத்தான் நாங்கள் ஒவ்வோர் இரவும் செய்கிறோம். அந்த இரவுகளில் அது உயிரைக் கேட்டது என்பதுதான் வேறுபாடு.

சென்னையில் 2020 ஏப்ரல் 19 இரவு நடந்ததையும் மறந்துவிடக் கூடாது. கொரோனாவால் இறந்த ஒரு நரம்பியல் அறுவை மருத்துவரின் உடலை அடக்கம் செய்ய விடாமல் ஒரு கூட்டம் கல்லாலும் கட்டையாலும் தாக்கியது. ஊர்தி ஓட்டுநர்கள் காயமடைந்தார்கள். மனைவியும் மகனும் அங்கிருந்து விலக நேர்ந்தது. அதே இரவில் அவருடைய சக மருத்துவர் ஒருவர், மருத்துவமனை ஊழியர்கள் இருவரைத் துணைக்கு வைத்துக்கொண்டு, காவலர் பாதுகாப்போடு இடுகாட்டுக்குத் திரும்பிப் போய், நண்பரின் உடலைக் குழியில் இறக்கி, மண்வெட்டியாலும் வெறும் கையாலும் மண்ணைத் தள்ளி மூடினார். பணி விதிகளில் இதற்கு இடமே இல்லை. காப்பாற்றுவதற்கு அங்கே உயிரும் இல்லை. அந்தக் காட்சியைப் படித்த நாளில் நான் பணி உடையோடு உணவறையில் உட்கார்ந்து அழுதேன். இறந்தவரின் மதிப்பைக் காக்க உயிரைப் பணயம் வைத்ததை எந்த வகையில் சேர்ப்பது என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. அது வீரம் என்பதில் மட்டும் ஐயம் இல்லை.

பழையகோப்பு:

தன் பணியைச் செய்வதும் வீரமாகுமா என்று இரவுப்பணி அம்மா தொட்ட கேள்வி நூற்றிருபது ஆண்டுப் பழமை உடையது. 1904 ஜனவரி 25 அன்று அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ஹார்விக் நிலக்கரிச் சுரங்கம் வெடித்து 179 பேர் இறந்தார்கள். மீட்கப் போன இருவரும் மாண்டார்கள். அந்த நிகழ்ச்சி உருக்கியதால் எஃகுத் தொழிலதிபர் ஆண்ட்ரூ கார்னகி 50 லட்சம் டாலரில் ஒரு நிதியத்தை நிறுவினார். நாம் வீரம் நிறைந்த காலத்தில் வாழ்கிறோம் என்ற பொருளில்தான் அதன் நிறுவன ஆவணம் தொடங்குகிறது. அதாவது, வீரம் அழிந்துவிட்டதா என்ற ஐயம் அன்றும் எழுந்திருக்க வேண்டும். அதற்கு அவர் சொன்ன மறுமொழி அது. அந்த நிதியம் பதக்கத்தோடு நிற்பதில்லை. இறந்தவரின் குடும்பத்திற்கும் காயமடைந்தவருக்கும் பண உதவி செய்கிறது. இந்தப் பகுதி எனக்குப் பதக்கத்தைவிடப் பெரிதாகத் தோன்றுகிறது. ஆனால் தீயணைப்பாளர் போன்று மீட்பையே கடமையாகக் கொண்டவர்களை, அவர்கள் கடமையின் எல்லையைத் தெளிவாகத் தாண்டினால் அன்றி, அது கணக்கில் எடுப்பதில்லை. எனக்கு அந்த விதியில் உடன்பாடு இல்லை. லினி தம் பணியைத்தான் செய்தார். அதனால் அவர் குறைந்துவிடவில்லை.

மற்றொன்றையும் சொல்ல வேண்டும். செர்னோபில் அணு உலை 1986இல் வெடித்த பிறகு, உலைக்கு அடியில் தேங்கிய நீரை வெளியேற்ற மூன்று பேர் இருட்டில் தண்ணீருக்குள் நடந்துபோய் வால்வுகளைத் திறந்தார்கள்: அனானென்கோ, பெஸ்பலோவ், பாரனோவ். மூவரும் சில வாரங்களில் கதிர்வீச்சால் இறந்தார்கள் என்று உலகம் முழுக்கப் பல ஆண்டுகள் எழுதினார்கள். உண்மையில் மூவரும் பிழைத்தார்கள். பாரனோவ் 2005இல் மாரடைப்பால் காலமானார். மற்ற இருவரும் அதன் பிறகும் பல ஆண்டுகள் வாழ்ந்தார்கள். அந்த வால்வுகள் எங்கே இருக்கின்றன என்பது நிலையப் பணியாளர்களான அவர்களுக்குத் தெரியும், அதனால் போனார்கள். வளை தோண்டத் தெரிந்தவர்கள் சில்க்யாராவுக்குப் போனதும் இதே போன்றதுதான். இறந்தால் மட்டுமே நிறைவு பெறும் கதையை நாம் விரும்புகிறோம் என்பதும், உயிரோடு வீடு திரும்பியவர் அடுத்த நாள் என்ன சாப்பிட்டார் என்று கேட்க நமக்குத் தோன்றுவதில்லை என்பதும் என்னை உறுத்துகின்றன.

தில்லிவாசி:

அடுத்த நாள் என்ன ஆயிற்று என்று கேட்டதால் எழுதுகிறேன். முதல் பதிவிலேயே எழுதியிருக்க வேண்டும். மகிழ்ச்சியான முடிவைக் கெடுக்க மனம் வரவில்லை. சில்க்யாரா மீட்பு நடந்து மூன்றே மாதத்தில், 2024 பிப்ரவரி இறுதியில், அந்தப் பன்னிரண்டு பேரில் ஒருவருடைய வீடு வடகிழக்குத் தில்லியின் கஜூரி காஸ் பகுதியில் ஆக்கிரமிப்பு என்று சொல்லி இடிக்கப்பட்டது. இடிபாடுகளுக்கு வெளியே குடும்பத்தோடு அவர் நிற்கும் படத்தை நாளேடுகளில் பார்த்தேன். 41 பேரை மலையின் அடியிலிருந்து எடுத்தவரின் பாத்திரங்களும் துணி மூட்டைகளும் தெருவில் கிடந்தன.

மறுபக்கம்:

என் முதல் பதிவைத் திருத்திக்கொள்கிறேன். வீரம் என்ற சொல்லே வேண்டாம் என்று எழுதியது தவறு. அந்தச் சொல்லைக் கைதட்டலோடு முடித்துக்கொள்வதுதான் என் கோபத்துக்குக் காரணம். அந்தப் பன்னிரண்டு பேரும் வீரர்கள். அவர்கள் வீரர்கள் என்பதாலேயே, தப்பிச் செல்லும் வழி எங்கே போயிற்று என்று உரக்கக் கேட்கும் கடன் நமக்கு இருக்கிறது. கிணற்றில் இறங்கிய தோட்டத்துக்காரரைப் போற்றுகிறவர்கள், அந்த ஊராட்சியில் ஒரு மூச்சுக்கருவி வாங்கி வைக்கவும் போராட வேண்டும். சாக்கடைக் குழியில் ஆளுக்குப் பதிலாக இறக்குவதற்குக் கேரளத்தில் உருவாக்கிய பேண்டிகூட் போன்ற இயந்திரங்கள் இன்று இருக்கின்றன. அவை வந்தால் வீரம் குறைந்துவிடும் என்று இந்த இழையைத் தொடங்கியவர் அஞ்சத் தேவையில்லை. குறையட்டும்.

ஏணியும்கயிறும்:

நல்லது, தம்பி. அந்தத் தோட்டத்துக்காரரின் மகள் பிறகு எங்கள் துறைத் தேர்வு எழுத விண்ணப்பித்தார். என்னிடம்தான் படிவம் நிரப்ப வந்தார். இறங்கியது சரியா தவறா என்று அவர் என்னிடம் கேட்டார். "உன் அப்பா இறங்கியது சரி, கருவி இல்லாமல் இறங்க வேண்டி வந்தது தவறு, அந்தத் தவறு அவருடையது இல்லை" என்று சொன்னேன். வேறு எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

நடுகல்தேடி:

எல்லோருக்கும் நன்றி. இயந்திரம் வந்ததால் வீரம் போய்விட்டது என்று நான் எழுதியது பிழை என்பதை ஏற்கிறேன். அந்தப் பெண்மணியைக் கண்ணால் கண்ட நானே அவரை ஒரே வரியில் கடந்துபோனேன் என்று இரவுப்பணி அம்மா எழுதியதைப் படித்து வெட்கப்பட்டேன். அவர் பெயரைக் கூட நான் கேட்கவில்லை.

நேற்று இரவு இந்த இழை முழுவதையும் மகனுக்குப் படித்துக் காட்டினேன். வீடு இடிக்கப்பட்ட இடம் வந்ததும் அவன் எழுந்து போய்விட்டான். கொஞ்ச நேரம் கழித்து வரலாற்று நோட்டுப் புத்தகத்தோடு வந்து, "நடுகல்லில் பெயர் இருக்கும், ஊர் இருக்கும், என்ன செய்தான் என்று இருக்கும். அந்தப் பன்னிரண்டு பேருக்கும் அப்படி எழுத முடியுமா?" என்று கேட்டான். பழைய செய்திகளைத் தேடிப் பார்த்ததில் ஒன்பது பெயர்களைத்தான் எடுக்க முடிந்தது. அவற்றுள்ளும் இரண்டு பெயர்கள் ஒவ்வொரு நாளேட்டிலும் ஒவ்வொரு விதமாக இருக்கின்றன. தில்லிவாசி அவர்களே, தங்கள் தொழில் வட்டாரத்தில் அவர்களைத் தெரிந்தவர்கள் இருப்பார்கள் அல்லவா? மீதமுள்ள மூன்று பெயர்களையும், அந்த இரண்டு பெயர்களின் சரியான ஒலிப்பையும், பன்னிரண்டு பேரின் ஊர்களையும் கேட்டு எழுத முடியுமா? அவன் மூன்று வரிகளைக் காலியாக விட்டு வைத்திருக்கிறான்.